அமைப்பாளருக்குக் கட்சி கிடையாது

பையை மடியிலயே வச்சுக்கிடுங்க தம்பி. மேல வச்சா வள்ளியூர் திருப்பத்துல கீழ விழுந்துரும். லேப்டாப்தானே? பாத்ததும் தெரிஞ்சுது. தப்பா நினைக்காட்டா ஒண்ணு கேக்கேன். அதுல என்ன சிஸ்டம் ஓடுது? வாங்கும்போதே உள்ள இருந்ததா? மாத்தவே இல்லியா? ம். எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. உங்க மேல குத்தம் இல்ல.

நான் அருமைநாயகம். பாளையங்கோட்டையில ஒரு பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பாக்கேன். இருபத்தாறு வருஷமாச்சு. அது வயித்துப் பாட்டுக்கு. என் உண்மையான வேலை வேற. சிற்றாறுன்னு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லியா. பரவாயில்ல. அது எங்களுது. யார் வேணாலும் எடுத்துக்கிடலாம், உள்ள எப்படி எழுதியிருக்குன்னு திறந்து பாக்கலாம், பிடிக்கலன்னா மாத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம். முழுக்க முழுக்கத் தமிழ். நாலு பேர் சேந்து பண்ணினது. அந்த நாலு பேருக்கு நான் அமைப்பாளர்.

மத்த மூணு பேரையும் சொல்லிருதேன். மேலப்பாளையத்துல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்க ஷாஜகான். டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆன தாணுமாலயன் சார். மூணாவது ஜெசிந்தா, தமிழ் டீச்சர். சிஸ்டத்துல வார அத்தனை வார்த்தையையும் தமிழாக்கினது அவதான், பதினோராயிரம் வரி. என் வீட்டுக்காரிதான். ஆனா திட்டத்துல அவ உறுப்பினர், நான் அமைப்பாளர். அதையும் இதையும் நான் என்னைக்கும் குழப்பிக்கிட்டதில்ல. இப்பகூட அவகிட்ட ஒரு கையெழுத்து வாங்கத்தான் போறேன். நாகர்கோவில்ல இறங்கி, அங்க இருந்து குளச்சல். கையெழுத்தை வாங்கிட்டுச் சாயந்திர வண்டியில திரும்பிருவேன். பை பெருசா இருக்கேன்னு பாக்கீங்களா? எல்லாம் ஆவணம். ரெண்டு சட்டையும் வச்சிருக்கேன், அது மழை கிழை வந்தா.

என்ன கையெழுத்துன்னு கேக்கீங்க. அதுக்கு டீஃபால்ட்னா என்னன்னு தெரியணும். தெரியுமா? நீங்க சொல்லுதது சரிதான், ஆனா முழுசா சரி இல்ல. காலையில எந்திரிச்சு நீங்க எதுவும் கேக்காமலே டேபிளுக்கு காபி வந்துருதுல்ல, அதான் டீஃபால்ட். யாரும் வாயைத் திறக்கலன்னா எது நடக்குமோ அது. ஜெசிந்தா அதுக்கு ‘கேளாமல் வருவது’ன்னு போட்டிருந்தா. டீச்சர்ல, அப்படித்தான் போடுவா. நான் அதைத் திருத்தி ‘இயல்பிருப்பு’ன்னு மாத்தினேன்.

எங்க சிஸ்டத்துல எல்லாம் தயார். போன வருஷம் நவம்பர்லயே தயார். ஜெசிந்தா வேலை பாத்த பள்ளிக்கூடத்துல பதினஞ்சு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்துது. புதுசா வார எந்த சிஸ்டமும் அதுல ஓடாது, எங்களுது ஓடும். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கதுக்குள்ள போட்டுக் குடுங்கன்னு ஹெட்மாஸ்டர் கேட்டாரு. ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. ஆன் பண்ணினதும் முதல்ல எந்த டெஸ்க்டாப் வரணும்?

எங்ககிட்ட ரெண்டு இருந்துது. ஒண்ணுக்குக் கூடம்னு பேரு, இன்னொண்ணுக்கு முற்றம்னு பேரு. கூடத்துல எல்லாம் கண்ணு முன்னால இருக்கும். கீழ ஒரு பட்டை, இடது பக்கம் ஒரு பட்டன், அமுக்கினா வரிசையா எல்லாம் வரும், கை நீட்டினா எடுத்துக்கிடலாம். முற்றத்துல ஒண்ணுமே இருக்காது. வெறும் திரை. நீங்க மவுசை மூலைக்குக் கொண்டு போனாத்தான் எல்லாம் விரியும். உங்களுக்கு எது நல்லதுன்னு தோணுது? வேண்டாம், சொல்லாதீங்க. உங்க மனசைக் கலைக்கக்கூடாது. அமைப்பாளருக்குக் கட்சி கிடையாது.

ஷாஜகான் கடை மாடியில கூடினோம். வாக்கெடுத்தோம். ஜெசிந்தாவும் ஷாஜகானும் முற்றம். தாணு சார் கூடம். நானும் ஒரு ஓட்டு போடணும்ல, போட்டேன், கூடத்துக்கு. ரெண்டுக்கு ரெண்டு. சமமா வந்தா அமைப்பாளருக்கு இன்னொரு ஓட்டு உண்டுன்னு நான் நடுநிலைமையா ஒரு யோசனை சொன்னேன். அதுக்கு ஜெசிந்தா சிரிச்சா. கூட்டத்துல சிரிக்கலாமான்னு விதியில ஒண்ணும் எழுதாம விட்டுருந்தோம். அன்னைக்கே எழுதினேன்.

அவ சொன்னது இதுதான். “உக்காந்ததும் எதுவும் வந்து முன்னால நிக்கக்கூடாது. எனக்கு என்ன வேணுமோ அதை நான் கூப்பிடணும். ஒரு இடமாவது வெறுமனே இருக்கட்டுமே.” நான் கேட்டேன், ஆன் பண்ணினதும் ஒண்ணுமே இல்லன்னா கெட்டுப்போச்சுன்னுதானே ஜனங்க நினைப்பாங்கன்னு. ஏன் வெறுமனே இருக்கணும், யாருக்கு அது வேணும்? பதில் இல்லன்னு குறிப்புல எழுதிக்கிட்டேன்.

சரி, முறையாப் போவோம்னு அளவுகோல் குழு ஒண்ணு அமைச்சேன். நாலு பேர் குழு. அதே நாலு பேர்தான், ஆனா குழுவா உக்காந்தா வேற. ஒரு மாசம் உக்காந்தோம். அப்புறம் சாதாரண மனுசனை வச்சு ஒரு சோதனை. எங்க வீட்டுக்கு சிலிண்டர் கொண்டு வார சுடலைமணியைக் கூப்பிட்டு முற்றத்து முன்னால உக்கார வச்சோம். ஒண்ணும் சொல்லாதீங்க, அவர் பாட்டுக்குப் பாக்கட்டும்னுட்டேன். கையில ஸ்டாப் வாட்ச். பாவம், மனுசன் கையைக் கட்டிக்கிட்டு நாலு நிமிஷம் திரையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், “நல்லா துடைச்சு வச்சிருக்கீங்க சார்” அப்படின்னாரு. அவ்வளவுதான். சுத்தமா இருக்குன்னு ரசிக்காருன்னு ஜெசிந்தா சொன்னா. ஆஃப்ல இருக்குன்னு நினைச்சுட்டாருன்னு நான் சொன்னேன். அந்த ஒரு வரியை ஏழு பக்கம் ஆராய்ஞ்சோம். அவர் திரும்ப வந்து, சார் ரசீதுல கையெழுத்து போடலையேன்னு கேட்டப்பதான் காலி சிலிண்டர் இன்னும் வாசல்ல கிடக்குன்னே தெரிஞ்சுது.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். திட்டத்து விஷயத்தை வீட்டுல பேசக்கூடாதுன்னு நான் ஒரு விதி கொண்டாந்தேன். நாளைக்கு ஷாஜகானும் தாணு சாரும், புருசனும் பொண்டாட்டியும் அடுப்படியில முடிவெடுத்துட்டாங்கன்னு சொல்லிரக்கூடாது பாருங்க. எது பேசினாலும் குழுவோட மின்னஞ்சல் பட்டியல்ல எழுதணும், நாலு பேரும் படிக்கணும். அவ ஒத்துக்கிட்டா. ஆனா எது திட்டத்து விஷயம், எது வீட்டு விஷயம்னு பிரிக்க முடியாமப் போச்சு. நான் சாப்பிடும்போது ‘எல்லாம் கைக்கு எட்டுத மாதிரி வச்சிருக்கியே, இதுதான் வசதி’ன்னு சாம்பாரைப் பாத்துத்தான் சொன்னேன். அவ தட்டை எடுத்துட்டுப் போயிட்டா. அதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் பேசதே இல்ல. எல்லாம் பட்டியல்லதான்.

பிப்ரவரியில அவ ஒரு மடல் போட்டா. எனக்கு வரி வரியா ஞாபகம் இருக்கு. “நாளை முதல் என் வீட்டில் எதுவும் கேளாமல் வராது. காபி, துவைத்த சட்டை, சாவி இருக்கும் இடம் ஆகியவை தேவைப்படுவோர் கேட்டுப் பெறலாம். கேட்பதற்கு ஒரு வாய் போதும்.” தாணு சார் படிச்சாரு, ஷாஜகான் படிச்சான். நான் உடனே பதில் போட்டேன், இது தலைப்புக்குத் தொடர்பில்லாத மடல், உறுப்பினர் விதிகளைக் கவனிக்கவும்னு. தாணு சார் அதை வழிமொழிஞ்சாரு. மறுநாள் காலையில காபி வரல. கேட்டா குடுத்திருப்பா, இல்லன்னு சொல்லல. ஆனா கேட்டா அவ மடலை நான் ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா? மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடை பாத்துக்கிட்டேன்.

அன்னைக்கே இன்னொண்ணும் செஞ்சேன். தீர்மான எண் போடாத மடல் எதுவும் என் கண்ணுக்கு வரக்கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. எண் இல்லன்னா தானா ஒரு தனிப் பெட்டிக்குப் போயிரும். ‘எண் இல்லாதவை’ன்னு அதுக்குப் பேரு. ஒழுங்கு வேணும்ல.

மார்ச்ல ஷாஜகான் ஒரு வழி சொன்னான். நல்ல பையன், முப்பத்தெட்டு வயசாச்சு, பொறுமைசாலி. கடையில வாடிக்கையாளர் போனைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டே பேசினான். “அண்ணாச்சி, முதல் தடவை ஆன் பண்ணும்போது கூடமா முற்றமான்னு அவங்ககிட்டயே கேட்டுருவோம். அவங்களே தேர்ந்தெடுத்துக்கிடட்டும். நாம ஏன் அடிச்சுக்கிடணும்?” எல்லாரும் ஒத்துக்கிட்டோம். எனக்கே ஆச்சரியம். பதினஞ்சு நாள் நிம்மதியா இருந்துது.

அப்புறம் தாணு சார் கேட்டாரு, கேள்வி சரி, ரெண்டுல எது மேல இருக்கும்னு. நியாயமான கேள்வி. மேல இருக்கதைத்தானே எல்லாரும் அமுக்குவாங்க? அப்ப அதுதானே டீஃபால்ட்? நான் எந்தப் பக்கமும் சாயாம, அகர வரிசைப்படி வைப்போம்னேன். க முதல்ல, ம அப்புறம். கூடம் மேல, முற்றம் கீழ. நானா செஞ்சேன்? தமிழ் அப்படி அமைஞ்சிருக்கு.

தமிழ் டீச்சர்கிட்ட போய் அதைச் சொல்லிட்டேன் பாத்துக்கிடுங்க. பேரு வைக்கிற அதிகாரம் மொழிபெயர்ப்பாளருக்குத்தான்னு நான் எழுதின விதி, எண் பதினேழு. அவ மறுநாளே முற்றத்துக்கு அங்கணம்னு பேர் மாத்திட்டா. அ வந்துட்டு, மேல போயிட்டு. நான் சும்மா இருக்க முடியுமா? அமைப்பாளர் அவசர அதிகாரத்துல கூடத்துக்கு அகம்னு பேர் வச்சேன். அகம், அங்கணம். க-வுக்கு அப்புறம்தானே ங? நம்மளுது மேல. மூணாம் நாள் அஃகம்னு மாத்தினா. அஃகம்னா தானியமாம். டெஸ்க்டாப்புக்கும் தானியத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன். சம்பந்தம் தேவைன்னு விதியில இல்லன்னு எண் போட்டு எழுதினா. ஆய்த எழுத்து, உயிருக்கு அப்புறம், மெய்க்கு முன்னால. அதுக்கு மேல போகணும்னா ஒரே வழிதான் இருந்துது. வச்சேன். கூடத்துக்குப் பேரு அ. வெறும் அ.

தாணு சார் போன் பண்ணி, ஐயா முதல் தடவை ஆன் பண்ணினா ‘உங்களுக்கு எது வேண்டும்? அ, அஃகம்’னு கேக்கு, எனக்கே எது எதுன்னு மறந்துட்டுன்னாரு. நீங்க மறந்துட்டீங்கன்னா உறுப்பினர் பொறுப்பை உணரலன்னு அர்த்தம்னேன். கொஞ்சம் கடுமையாத்தான் சொல்லிட்டேன். அவரு பிள்ளைகிட்ட மஸ்கட்டுக்குப் போயிட்டாரு. அதுக்காகப் போகல, முன்னாலயே டிக்கெட் போட்டிருந்தாரு.

ஏப்ரல் கடைசியில இருந்து ஜெசிந்தா எதுத்துப் பேசவே இல்ல. எனக்குச் சந்தேகம் வந்துட்டு. நேத்து வரைக்கும் எதுத்த ஆள் திடீர்னு சும்மா இருந்தா உள்ளுக்குள்ள ஏதோ திட்டம் போடுதான்னுதானே அர்த்தம்? அதனால மே மாசம் பூரா உக்காந்து இன்னும் ஒன்பது திருத்தம் போட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல. வீட்டுல அந்தப் பக்கம் போவா, இந்தப் பக்கம் வருவா. ஒரு வாரம் கன்னத்தை உப்பிக்கிட்டே திரிஞ்சா. கோவத்தைக் காட்டுதா, காட்டட்டும்னு விட்டுட்டேன்.

ஜூன் ஒண்ணாம் தேதி நான் பாலிடெக்னிக்ல இருந்து வந்தா வீடு பூட்டியிருக்கு. சாவி பக்கத்து வீட்டுல. லீவு முடியப் போகுதுல்ல, தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பான்னு நினைச்சேன். மூணாம் நாள் ஷாஜகான் வந்தான். உள்ள வந்து உக்காரல, வாசல்லயே நின்னான். “அண்ணாச்சி, அக்கா குளச்சலுக்கு மாறுதல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. கலந்தாய்வுல அவங்களாத்தான் கேட்டு வாங்கினாங்க. மடல் போட்டாங்களே, நீங்க படிக்கலையா?”

நான் எந்த மடலும் வரலன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். அப்பதான் அந்தப் பெட்டியைத் திறந்தேன்.

முப்பத்தேழு மடல் இருந்துது தம்பி. ரெண்டு ஷாஜகானோடது. மிச்சம் முப்பத்தஞ்சும் அவளோடது. எதுலயும் எண் இல்ல. நான் என்ன செய்ய? மாவு தீந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வர முடியுமான்னு ஒண்ணு. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கணும்னு டாக்டர் சொல்லுதாரு, தனியாப் போக பயமா இருக்கு, கூட வாரீங்களான்னு ஒண்ணு. மறுநாள், போயிட்டு வந்துட்டேன், பரவாயில்லன்னு ஒண்ணு. நான் கோவம்னு நினைச்சேன் பாருங்க, அது அந்தப் பல்லு. கலந்தாய்வுக்குப் போறேன், போகவா வேண்டாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு ஒண்ணு. அதுக்கு அடுத்தது, நீங்க ஒண்ணும் சொல்லாததால போறேன்னு.

நடுவுல, ஏப்ரல் இருபத்திமூணாம் தேதி போட்டது இது. மனப்பாடமாச் சொல்லுதேன். “கூடமே இருக்கட்டும். இன்று பள்ளியில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்தேன். அவர்களுக்கு அதுதான் எளிது. நான் சொன்னது தவறு. என் மெஷினில் எனக்கு முற்றம் போதும். பெயர்களையும் பழையபடியே வைத்துவிடலாம், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. இன்று சாயங்காலம் வீட்டில் பேசலாமா?”

விளங்குதா? அவ ஏப்ரல்லயே விட்டுக்குடுத்துட்டா. நான் மே மாசம் பூரா திருத்தம் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். யாரை எதுத்துன்னு இப்ப யோசிச்சா தெரியல.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாத்தேன். பதினஞ்சு கம்ப்யூட்டர்லயும் சிற்றாறு ஓடுது. பதினஞ்சுலயும் கூடம்தான். மேல பேரு கூடம்னே இருக்கு. போறதுக்கு முந்தின சனிக்கிழமை டீச்சரும் ஒரு செல்போன் கடைக்காரரும் வந்து காலையில இருந்து உக்காந்து போட்டுக் குடுத்தாங்கன்னு ஹெட்மாஸ்டர் சொன்னாரு. முறைப்படி வெளியிடாத சிஸ்டத்தை எப்படிப் போடலாம், தீர்மான எண் என்னன்னு அவர்கிட்ட கேட்டேன். அவரு, டீ சாப்பிடுதீங்களான்னாரு. நான் ஜெயிச்சுட்டேன்ல? சந்தோஷமா இருந்திருக்கணும். கடைசி பெஞ்சு மெஷின் முன்னால உக்காந்துட்டேன். சாப்பாட்டு மணி அடிச்சு, திரும்ப வகுப்பு மணியும் அடிச்சு, பிள்ளைங்க வந்து பின்னால நிக்குதுங்க, எந்திரிக்கவே தோணல.

அன்னைக்கே அவளுக்குப் பதில் போட்டேன். சும்மா விடுவேனா? “தங்கள் ஏப்ரல் 23 மடல் பெறப்பட்டது. தீர்மான எண் இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை. உரிய எண்ணுடன் மீண்டும் அனுப்பவும்.” வேற எப்படி எழுதுறது? அவ விட்டுக்குடுத்தது ஆவணத்துல ஏறணும்ல? இல்லன்னா நாளைக்கு யாராவது அவளைக் குறை சொல்லிருவாங்க. நான் முதல்ல சொன்ன கையெழுத்து அந்த மடலுக்குத்தான்.

ரெண்டு மாசம் பதில் இல்ல. அதுக்குள்ள என் மெஷின்ல முற்றத்தைப் போட்டுப் பாத்தேன். சோதனைக்குத்தான். நான் அதை ஒழுங்கா ஓட்டிப் பாத்ததே இல்லன்னு யாரும் சொல்லிரக்கூடாது. காலையில ஆன் பண்ணுதேன். ஒண்ணும் வரல. வெறும் திரை. அதை அரை மணி நேரம் பாத்துக்கிட்டு இருப்பேன். மவுசை மூலைக்குக் கொண்டு போறதில்ல. சோதனை இன்னும் முடியல.

போன வாரம் அவகிட்ட இருந்து மடல் வந்துது. நேரா என் பெட்டிக்கே வந்துது தம்பி, எண் போட்டிருந்தா. அச்செடுத்து வச்சிருக்கேன், இந்தா பாருங்க. “தீர்மானம் 61. அமைப்பாளர் குளச்சல் வருவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. முன்மொழிபவர் ஜெசிந்தா. வழிமொழிபவர்.” அதுக்குப் பக்கத்துல கோடு, காலியா விட்டிருக்கா.

எண் சரியா இருக்கு. வடிவம் சரியா இருக்கு. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஆனா வழிமொழிய ஆள் இல்ல. அமைப்பாளர் வழிமொழியக்கூடாது. தாணு சாருக்கு எழுதினேன், எது அ, எது அஃகம்னு முதல்ல தெளிவுபடுத்தவும்னு பதில் போட்டிருக்காரு. ஷாஜகான் ஜூன்லயே பட்டியலை விட்டு விலகிட்டான். கடைக்குப் போய்க் கேட்டேன். அவன் ஸ்க்ரூட்ரைவரைக் கீழ வச்சுட்டு, “நான் வழிமொழிஞ்சுதான் நீங்க அக்காவைப் பாக்கப் போகணுமா அண்ணாச்சி? போய் பஸ் ஏறுங்க” அப்படின்னான். விதி தெரியாதவன். ஆனா ஏறிட்டேன். ஏறி உக்காந்த பொறவுதான் யோசனை, இது முறையா இல்லியான்னு. ஆரல்வாய்மொழி தாண்டினதுல இருந்து கடியாரத்தைப் பாத்துக்கிட்டே இருக்கேன். வண்டி இங்க எப்பவுமே வேகமாத்தான் போகும்.

ஒண்ணு கேக்கலாமா? நீங்க உறுப்பினர் ஆயிருதீங்களா? பெரிய வேலை இல்ல. ஒரே பக்கம் படிவம், பையில பத்துப் பிரதி இருக்கு. பேரு, ஊரு, கீழ கையெழுத்து. உறுப்பினர் ஆயிட்டா அடுத்த நிமிஷமே வழிமொழியலாம், விதி இடம் குடுக்கு. உங்களுக்கு ஒரு கஷ்டமும் வராது. நான் குளச்சல்ல போய் இறங்கி வாசல்ல நின்னு, முறைப்படி வந்திருக்கேன்னு சொல்லணும்ல? வேற என்ன சொல்லுறதுன்னு எனக்கும் தெரியல.

இந்தாங்க பேனா. இங்க பேரு. இங்க ஊரு. நாலாவது கேள்வி, ஆமா, அது ‘உங்கள் விருப்பம் கூடமா, முற்றமா’ன்னு. கண்டிப்பா நிரப்பணும்னு நான்தான் போட்டேன், நிரப்பாட்டா படிவம் செல்லாது. நீங்க எழுதப் போறீங்க, கொஞ்சம் நில்லுங்க.

வேண்டாம் தம்பி. எதுன்னு எனக்குச் சொல்ல வேண்டாம், எழுதவும் வேண்டாம். அந்த இடத்தை வெறுமனே விட்டுருங்க. நான் ஏத்துக்கிடுதேன்.

கையெழுத்தை மட்டும் போடுங்க. நாகர்கோவில் வடசேரி ஸ்டாண்ட் வந்துட்டு, எல்லாரும் எந்திரிக்காங்க. குளச்சல் வண்டி நிக்கான்னு அந்த ஜன்னல் வழியா கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்.